டென்டுலஸ்னா வியாதி இல்ல, பல்லு இருக்குன்னு அர்த்தம்

வாசகர் கேள்வி: வணக்கம் டாக்டர், மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமத்துலேருந்து எழுதுறேன். எங்க அம்மாவுக்கு 71 வயசு, ரொம்ப நாளா வெத்தலை பாக்கு பழக்கம், சுகரும் இருக்கு. பல்லு ஆடுதுன்னு சொன்னதால டவுன்ல காட்டி முழுவாய் எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்ல ‘மேக்ஸில்லா கம்ப்ளீட்லி இடென்டுலஸ், மாண்டிபிள் பார்ஷியலி டென்டுலஸ், 33, 32, 31, 41, 42, 43 ப்ரெசென்ட்’னு போட்டிருக்கு. எங்க சித்தப்பா படிச்சிட்டு டென்டுலஸ்னா எலும்பு அரிக்கிற வியாதி, அம்மாவுக்கு ரெண்டு வகையும் வந்திருக்குங்குறார். மொத்தமே 32 பல்லுதானே, 43 எங்கேருந்து வந்துச்சு? இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், தந்தம்னு சொல்றோமே அதுலேருந்துதான் வந்துச்சா? மிச்சம் இருக்குறதையும் எடுத்துட்டு முழு செட்டு கட்டிடலாம்னு வீட்ல பேசிக்கிறாங்க, செய்யலாமா? இன்னொண்ணு, தங்கச்சி குழந்தைக்கு எட்டு மாசம், மேல்பல்லு முதல்ல முளைச்சிருக்கு, தாய்மாமனுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. அந்தத் தாய்மாமன் நான்தான்.

பதில்:

தம்பி, முதல்ல சித்தப்பாவை உக்கார வச்சு ஒரு காபி குடுங்க, பாவம் அவர்தான் ரொம்ப பயந்திருப்பார். டென்டுலஸ்னா வியாதி கிடையாது. பல்லு இருக்குன்னு அர்த்தம். இடென்டுலஸ்னா பல்லு இல்லன்னு அர்த்தம். பார்ஷியலி டென்டுலஸ்னா கொஞ்சம் இருக்கு, கொஞ்சம் போயிடுச்சு. மேக்ஸில்லான்னா மேல்தாடை, மாண்டிபிள்னா கீழ்த்தாடை. ஆக ரிப்போர்ட்ல இருக்குறது அம்மா வாயைத் திறந்தா நீங்களே பாக்குற விஷயம்தான், மேல ஒண்ணும் இல்ல, கீழ முன்னாடி ஆறு பல்லு நிக்குது, அதுக்குத்தான் இவ்ளோ பெரிய வார்த்தை. எங்க ஆளுங்க எழுதுறது அப்படித்தான், பொக்கை வாய்ன்னு எழுதுனா ஃபீஸ் வாங்க முடியாதுல்ல.

அந்த 43 கேள்வி எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, இத்தனை வருஷத்துல யாரும் இப்படி நேரா கேட்டதில்ல, மனசுக்குள்ள குழம்பிக்கிட்டே போயிடுவாங்க. அது நாப்பத்திமூணு இல்ல தம்பி, நாலு-மூணுன்னு பிரிச்சுப் படிக்கணும். வாயை நாலு கால்பாகமாப் பிரிச்சுக்குவோம், அவங்களோட வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. அப்புறம் நடுக்கோட்டுலேருந்து கடைவாய் வரைக்கும் 1லேருந்து 8 வரைக்கும் எண்ணிக்கிட்டுப் போகணும். அப்ப 43ன்னா வலது கீழ்ப்பக்கம் நடுவுலேருந்து மூணாவது, அதாவது கோரைப்பல்லு. 33 இடது பக்க கோரைப்பல்லு. நடுவுல 32, 31, 41, 42ன்னு நாலு வெட்டுப்பல்லு. இந்தக் கணக்குல 19ன்னோ 30ன்னோ ஒரு பல்லே கிடையாது. அந்த ரெண்டு கோரைப்பல்லையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி அதைப் பத்திப் பேச வேண்டியிருக்கு.

இப்ப வார்த்தைக்கு வரேன், எனக்கு இது புடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்குங்க.

லத்தீன்ல பல்லுக்கு டென்ஸ்னு பேரு, வேற்றுமை சேரும்போது அது டென்ட்-னு ஆகும், நாம மரம்-மரத்துன்னு சொல்ற மாதிரி. அதுலேருந்துதான் டென்டல், டென்டிஸ்ட், டென்ச்சர் எல்லாம். அந்த டென்ஸ் முன்னாடி ‘இல்லாம போன’ங்குற பொருள்ல ஒரு ‘ஏ’ சேத்து ‘ஏடென்டுலஸ்’னு லத்தீன்லயே ஒரு வார்த்தை உண்டு, பல்லு போனவன்னு அர்த்தம். ப்ளாட்டஸ்னு ஒரு ரோமானிய நாடகக்காரர், கிறிஸ்து பிறக்குறதுக்கு ரெண்டு நூற்றாண்டு முன்னாடி இருந்தவர், ரொம்ப நாள் ஊறி காட்டம் போன திராட்சை மதுவை ‘பல்லு போன மது’ன்னு எழுதியிருக்கார். நாம பல்லு புடுங்குன பாம்புன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. கடிக்கிற குணம் போச்சுன்னா பல்லு போச்சு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ ரோம்ல உக்காந்து யோசிச்சவனுக்கும் நம்மூர் டீக்கடையில யோசிக்கிறவனுக்கும் ஒரே உவமைதான் தோணியிருக்கு.

இங்கிலீஷ்காரங்க இந்த ஏடென்டுலஸை எடுத்து இடென்டுலஸ்னு வச்சுக்கிட்டாங்க. ஆனா டென்டுலஸ்ங்குற வார்த்தை அப்ப இல்ல. பின்னாடி பல் வைத்தியம் தனிப் படிப்பா வளந்து, பல்லு இருக்குற வாய்க்கும் ஒரு பேரு வேணும்னு தேவை வந்தப்ப, இடென்டுலஸ்லேருந்து முன்னாடி இருக்குற எழுத்தை வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை வார்த்தையாக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதாவது பல்லு இல்லாததுக்கான பேரு முதல்ல பொறந்துச்சு, பல்லு இருக்குறதுக்கான பேரு அதோட வாலைப் புடிச்சுக்கிட்டு பின்னாடி வந்துச்சு. சரியான பழைய வார்த்தை வேணும்னா ‘டென்டேட்’னு ஒண்ணு இருக்கு, லத்தீன் ‘டென்டாட்டுஸ்’லேருந்து நேரா வந்தது, புத்தகங்கள்ல இப்ப அதைத்தான் அதிகமா எழுதுறாங்க, ஆனா எங்க காலேஜ்லயும் கிளினிக்லயும் வாயில வர்றது டென்டுலஸ்தான்.

ஏன் அப்படி உல்டாவா நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, நம்ம தமிழ்லயும் அதேதான். பல்லு இல்லாதவங்களுக்கு பொக்கை வாய்ன்னு அழகா ஒரு பேரு இருக்கு. பல்லு இருக்குற வாய்க்கு என்ன பேரு? வாய்தான். அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஒருத்தரை ஊர்ல ‘பல்லன்’னு கூப்புட்டா அவருக்குப் பல்லு இருக்குன்னா அர்த்தம், எல்லாருக்குந்தான் இருக்கு, அவருக்கு எத்துப்பல்லுன்னு அர்த்தம். ரோம்லயும் டென்டாட்டுஸ்னு பட்டப்பேரோட ஒருத்தர் இருந்தார், மானியஸ் கியூரியஸ் டென்டாட்டுஸ், கி.மு. 290ல கான்சல், அதாவது ரோமோட உச்சப் பதவி, கி.மு. 275ல பிர்ரஸ்ங்குற கிரேக்க ராஜாவோட படையைத் தடுத்து நிறுத்துனவர். அவருக்கு ஏன் அந்தப் பேருன்னா பொறக்கும்போதே பல்லோட பொறந்தாராம், ப்ளினிங்குற ரோமானிய எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். சும்மா பல்லு இருந்ததுக்கெல்லாம் யாரும் பேரு வைக்கல. (இவரை ஞாபகம் வச்சுக்குங்க, உங்க தங்கச்சி குழந்தை விஷயத்துல திரும்ப வருவார்.)

டென்டுலஸ் வார்த்தை நெஜமாவே எங்க குடியிருக்குன்னு கேட்டா அகராதியில இல்ல, என் கிளினிக் அலமாரியோட ரெண்டாவது டிராயர்ல. பல்லு கட்டுறதுக்கு முன்னாடி அளவு எடுப்போம்ல, வாய்க்குள்ள ஒரு ஸ்டீல் தட்டுல மாவு மாதிரி ஒண்ணை வச்சு அழுத்தி எடுப்போமே, அந்தத் தட்டு ரெண்டு ஜாதி. டென்டுலஸ் ட்ரேன்னா அடி சதுரமா இருக்கும், ஓரம் உசரமா இருக்கும், ஏன்னா பல்லு நிக்குற உசரத்துக்கு உள்ள எடம் வேணும். இடென்டுலஸ் ட்ரே வழவழன்னு உருண்டையா, ஓரம் தாழ்ந்து இருக்கும், வெறும் ஈறு மேல உக்காரணும்ல. என்கிட்ட இருக்குற பொண்ணு அதுக்கு வச்ச பேரு ‘பல்லு தட்டு, பொக்கை தட்டு’. பத்து வருஷமா ஒரு தடவை கூட மாத்தி எடுத்துக் குடுத்ததில்ல. உங்க அம்மா வந்தா நான் மேலுக்குப் பொக்கை தட்டும் கீழுக்குப் பல்லு தட்டும் கேப்பேன், அதைத்தான் ரிப்போர்ட்ல ரெண்டு வரியா எழுதியிருக்காங்க.

தந்தம்லேருந்து வந்துச்சான்னு கேட்டீங்க. அதுலேருந்து வரல, ஆனா சொந்தக்காரங்கதான், பங்காளி மாதிரி. சமஸ்கிருதத்துல பல்லுக்கு தந்த, கிரேக்கத்துல ஓடோன்ட் (கம்பி கட்டுற டாக்டரை ஆர்த்தோடான்டிஸ்ட்னு சொல்றோமே அது), லத்தீன்ல டென்ட், இங்கிலீஷ் டூத் கூட அதே குடும்பம்தான், ரொம்ப தேஞ்சு போனதால அடையாளம் தெரியல. 1786ல கல்கத்தாவுல வில்லியம் ஜோன்ஸ்ங்குற நீதிபதி சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்துலேருந்து கிளைச்சிருக்கணும்னு பேசுனாரே, அந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்களுக்குக் கையில கிடைச்ச நல்ல சாட்சிகள்ல இந்தப் பல்லும் ஒண்ணு. அவங்கள்ல பலபேர் சொல்றது, இதுக்கெல்லாம் அடியில இருக்குற மூலச்சொல்லுக்கே ‘தின்னுறது’ன்னுதான் பொருள், ஈட்னு சொல்றோமே அதே வேர். அதாவது பல்லுன்னா தின்னி. எனக்கு இது ரொம்பப் பொருத்தமாப் படும், ஏன்னா பேஷன்ட் யாரும் வந்து பல்லு போச்சுன்னு அழுறதில்ல, முறுக்கு தின்ன முடியலன்னுதான் அழுவாங்க.

ஆனா நம்ம ‘பல்’ அந்தக் குடும்பமே இல்ல. தெலுங்குல பல்லு, மலையாளத்துல பல்லு, கன்னடத்துல ஹல்லு, இது திராவிடக் குடும்பத்துச் சொத்து. 1816லயே எல்லிஸ்னு சென்னையில இருந்த கலெக்டர் இந்த மொழிகளெல்லாம் தனிக் குடும்பம்னு எழுதி வச்சுட்டார். தந்தம் மட்டும் வடக்கேருந்து வந்து நம்ம வீட்ல யானைப் பல்லுக்குன்னு தங்கிடுச்சு, அதுக்கும் நமக்குக் கோடு, மருப்புன்னு பழைய பேரு உண்டு. எயிறுன்னு இன்னொரு பழைய சொல், சங்கப் பாட்டுல பல்லுக்கு அது அடிக்கடி வரும், இன்னைக்கு அது ஈறுன்னு சுருங்கி பல்லுக்குக் கீழ உள்ள சதைக்குப் பேராயிடுச்சு. பல்லு போய் ஈறு மட்டும் மிஞ்சுன கதை வார்த்தைக்கும் நடந்திருக்கு பாருங்க.

நம்ம பக்கத்துல பல்லுங்குற வார்த்தையை வாய்க்குள்ள மட்டும் வச்சுக்கல. பூண்டு ஒரு பல்லு, தேங்காயைப் பல்லு பல்லாக் கீறுறது, சீப்புப் பல்லு, சைக்கிள் சக்கரத்துப் பல்லு. எங்க அப்பா வலங்கைமான் பக்கம், சம்பா அறுப்பு வந்தா வீட்ல பன்னருவாளை எடுத்துப் பாப்பாங்க. பல் அரிவாள்தான் பன்னரிவாள், வாய்ப்பக்கம் முழுக்க பொடிப்பொடியா பல்லு வெட்டியிருக்கும், நெல்லுத் தாளைப் புடிச்சு இழுத்தா கரகரன்னு அறுக்கும். பல்லு தேஞ்சு போச்சுன்னா பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் ‘பல்லு வச்சு’ வாங்கிட்டு வருவாங்க. சின்ன வயசுல நானும் கூடப் போயிருக்கேன், அந்த ஆசாரி அருவாளை மடியில வச்சுக்கிட்டு உளியால ஒவ்வொரு கொத்தா கொத்துவார், ஒண்ணுக்கொண்ணு இடைவெளி அச்சு மாதிரி இருக்கும். நான் பல் டாக்டர் ஆனதுக்கு அதான் காரணம்னெல்லாம் சொல்ல மாட்டேன், மார்க்கு அதுக்குத்தான் வந்துச்சு. இப்ப எல்லாம் மிஷின் அறுப்பு, பன்னருவா பரண்ல கிடக்கு.

இன்னொரு விஷயம், உங்க டெல்டாக்காரங்களுக்குத் தெரிய வேண்டியது. ரேஷன் கடையிலயும் ஆஸ்பத்திரி ஸ்டோர்லயும் இண்டெண்ட் (சாமான் வேணும்னு எழுதி அனுப்புற சீட்டு) போட்டாச்சான்னு கேப்பாங்கல்ல, அதுலயும் பல்லுதான் இருக்கு. பழைய இங்கிலாந்துல ஒரு ஒப்பந்தத்தை ஒரே தோல்ல ரெண்டு தடவை எழுதி, நடுவுல பல்லு பல்லா வளைச்சு வெட்டி ஆளுக்குப் பாதி குடுத்துடுவாங்க. தகராறு வந்தா ரெண்டையும் சேத்து வைக்கணும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மாதிரி பொருந்துனா நெசம், இல்லன்னா போலி. அதனால அந்தப் பத்திரத்துக்கு இண்டெஞ்சர்னு பேரு. பின்னாடி வெட்டுறது நின்னு போச்சு, பேரு மட்டும் நின்னுச்சு. அந்தப் பேர்லதான் 19ஆம் நூற்றாண்டுல நாகப்பட்டினத்துலேருந்து கப்பல் ஏத்தி நம்ம சனங்களைப் பினாங்குக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் கொண்டு போனாங்க, இண்டெஞ்சர் கூலின்னு. கைநாட்டு வச்சவங்க யாருக்கும் அந்த வார்த்தைக்குள்ள பல்லு இருக்குறது தெரிஞ்சிருக்காது, கடிச்சது மட்டும் தெரிஞ்சிருக்கும்.

சரி, வைத்தியத்துக்கு வரேன். நீங்க கேட்டதுல இதான் முக்கியம்.

மிச்சம் இருக்குறதையும் புடுங்கிட்டு முழு செட்டு கட்டிடலாமா? இந்தக் கேள்விக்கு நான் ஒரு காலத்துல சரின்னு சொல்லியிருக்கேன், அதைச் சொல்லிடுறேன். பிராக்டிஸ் ஆரம்பிச்ச புதுசு. ஒரு மிராசுதார், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், கீழ நாலு பல்லு நல்லா நின்னுச்சு, லேசா காரை புடிச்சிருந்துச்சு, ஆட்டம்னு பெருசா இல்ல. பொண்ணு கல்யாணம் வருது, ஒரே மாதிரி வெள்ளையா வேணும், எல்லாத்தையும் எடுத்துட்டு கட்டிடு தாயின்னார். நானும் கேக்குறாரே, வசதியா இருக்கும்னு எடுத்துட்டேன். மேல் செட்டு கச்சிதமா உக்காந்துச்சு. கீழ் செட்டு உக்காரவே இல்ல. பேசுனா தூக்கும், சாப்புட்டா ஓடும், மூணு தடவை திருத்திக் குடுத்தேன். கடைசில அவர் அதை ஒரு கைக்குட்டையில சுத்தி சட்டைப் பையில வச்சுக்கிட்டு, விசேஷத்துல போட்டோ எடுக்கும்போது மட்டும் மாட்டிக்குவார். என்னைப் பாத்தா பையைத் தட்டிக் காட்டி ‘இருக்கு இருக்கு’ன்னு சிரிப்பார். அவர் திட்டியிருந்தா கூட எனக்கு மறந்திருக்கும்.

ஏன் கீழ் செட்டு நிக்காதுன்னா, மேல அண்ணம் அகலமா இருக்கு, செட்டு அதுல எச்சில் ஈரத்தோட ஒட்டிப் புடிச்சுக்கும். கீழ நாக்கு இருக்கு, அது சும்மாவே இருக்காது, தள்ளிக்கிட்டே இருக்கும், செட்டு உக்காரக் கிடைக்கிறது குதிரை லாடம் மாதிரி ஒரு ஒல்லி வரப்பு மட்டும். அந்த வரப்பும் நிலையா இருக்காது. பல்லு இருக்குற வரைக்கும்தான் தாடை எலும்புக்கு வேலை, பல்லை எடுத்துட்டா எலும்பு கரைய ஆரம்பிக்கும், முதல் வருஷம் வேகமா, அப்புறம் மெதுவா, ஆனா நிக்காது, அதுவும் மேல்தாடையை விட கீழ்த்தாடை அதிகமாக் கரையும். 1978ல வந்த ஒரு ஆராய்ச்சி எங்க படிப்புல எல்லாருக்கும் தெரிஞ்சது, க்ரம், ரூனின்னு ரெண்டு பேர் பண்ணது. கீழ் கோரைப்பல்லு ரெண்டோட வேரை மட்டும் விட்டுவச்சு அதுக்கு மேல செட்டு போட்டவங்களுக்கு அஞ்சு வருஷத்துல கீழ்த்தாடை முன்பக்கம் எலும்பு சராசரியா 0.6 மில்லிமீட்டர் குறைஞ்சுது, எல்லாத்தையும் எடுத்துட்டுக் கட்டுனவங்களுக்கு 5.2 மில்லிமீட்டர். அதான் 33, 43ஐ ஞாபகம் வச்சுக்குங்கன்னு சொன்னேன். உங்க அம்மா ரிப்போர்ட்ல அந்த ரெண்டும் இருக்கு.

வேர்ல இன்னொரு சங்கதியும் இருக்கு. பல்லோட வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு நார்ப்படலம் இருக்கு, அதுல உணர்ச்சி நரம்பு இருக்கு. சோத்துல ஒரு பொடிக் கல்லு கடிபட்டா டக்குனு நிறுத்துறோமே, அது சொல்றது அந்த நார்தான். முழு செட்டுல அது கிடையாது. கடிக்கிற வேகமும் சொந்தப் பல்லுல இருந்ததுல நாலுல ஒரு பங்குக்கு இறங்கிடும். செட்டு நல்லா அமைஞ்சவங்க சாப்புடுறாங்க, சந்தோஷமா இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா இருக்குறதை விட்டுட்டு அதுக்குப் போக வேண்டாம்.

அதுக்காக மேல மட்டும் ஒரு முழு செட்டு கட்டிட்டு கீழ அந்த ஆறு பல்லோட விட்டுடவும் கூடாது, இதைத்தான் நம்மூர்ல நிறைய பேர் செலவு குறையுதுன்னு பண்றாங்க. பின்னாடி கடைவாயில பல்லு இல்லாததால எல்லாத்தையும் முன்னாடி வச்சே மெல்லுவாங்க, அந்த ஆறு பல்லும் மேல் செட்டோட முன்பக்கத்தை இடிச்சுக்கிட்டே இருக்கும், உள்ள மேல் முன் எலும்பு கரைஞ்சு வெறும் தொளதொள சதையா ஆயிடும், செட்டு ஆட ஆரம்பிக்கும். 1972ல கெல்லிங்குறவர் இதை எழுதுனார், கெல்லி சிண்ட்ரோம்னே பேரு. உங்க அம்மாவோட வாய் அப்படியே அந்தப் படம்தான். அதனால கீழ ரெண்டு பக்கமும் பின்னாடிக்கு ஒரு கழட்டி மாட்டுற பல்லு கட்டாயம் வேணும், அப்பதான் பாரம் பிரியும்.

நான் என்ன பண்ணுவேன்னா, முதல்ல அந்த ஆறு பல்லும் எவ்ளோ ஆடுதுன்னு பாப்பேன். லேசா முன்ன பின்ன ஆடுனா காரையைச் சுரண்டி ஈறைச் சுத்தம் பண்ணிட்டு ஆறு வாரம் கழிச்சுத் திரும்பப் பாப்பேன், நிறைய பல்லு அதுலயே கெட்டியாயிடும், சுகர் கட்டுக்குள்ள இருந்தா. அதனால மூணு மாச சுகர் டெஸ்ட் எடுத்துக்கிட்டு போங்க. சுகர் ஏறி இருந்தா ஈறு எலும்பு கரையும், ஈறுல சீழ் இருந்தா சுகர் இறங்காது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கும். சித்தப்பா சொன்ன எலும்பு அரிக்கிறதுங்குறது ஒருவேளை எக்ஸ்ரேல இருக்கலாம், அது வேற வரியில எழுதியிருப்பாங்க, ‘போன் லாஸ்’னு, அதையும் பாருங்க. கிணத்துல வாளி இறங்குற மாதிரி மேலயும் கீழயும் போற பல்லு, சீழ் வடியிற பல்லு, இதை எடுக்கத்தான் வேணும், வச்சுக்கிட்டுப் பிரயோஜனமில்ல. நடு வெட்டுப்பல்லு நாலும் போனாக் கூட கோரைப்பல்லு ரெண்டையும் வேர் சிகிச்சை பண்ணி, ஈறு மட்டத்துக்கு வெட்டி உருட்டி விட்டுட்டு மேல செட்டு போடலாம். வெளிய பாக்குறவங்களுக்குப் பொக்கை வாய்தான், ஆனா உள்ள ரெண்டு வேர் நிக்குது, எங்க கணக்குல அவங்க இன்னும் டென்டுலஸ். செலவு யோசனை இருந்தா சிதம்பரத்துலயும் புதுக்கோட்டையிலயும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, நாலஞ்சு தடவை அலைய வேண்டியிருக்கும், பஸ்ஸுல சாப்பாடு கட்டிட்டுப் போயிடுங்க.

வெத்தலை பத்தி சொல்லாம விட முடியாது. கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு கொழுந்து வெத்தலையைத் திட்டுனா என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க, அதனால வெத்தலையை விட்டுடுறேன். பாக்குதான் வில்லன். பாக்கு வாய்ப்புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே உறுதியா வகைப்படுத்திட்டாங்க, புகையிலை சேக்காட்டியும். சுண்ணாம்பு காரையா ஒட்டும், பாக்கு பல்லைத் தேய்க்கும், கன்னத்து உள்சதையை நாராக்கி வாயைத் திறக்க விடாது. எங்க அப்பாயி கடைசி வரைக்கும் போட்டாங்க, பல்லு எல்லாம் போனதுக்கப்புறம் ஒரு குட்டி இரும்பு உரல்ல டொக் டொக்னு இடிச்சுப் போடுவாங்க, மத்தியானம் மூணு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டாதான் வீட்ல டீ போடுவோம். உங்க அம்மாவும் இப்ப இடிச்சுத்தான் போடுவாங்கன்னு நினைக்கிறேன். நாளைக்கே நிறுத்துன்னா கேக்க மாட்டாங்க, பாக்கைக் குறைக்கச் சொல்லிப் பாருங்க. நீங்க ஒண்ணு பண்ணணும், பகல் வெளிச்சத்துல வாயைத் திறக்கச் சொல்லி கன்னத்து உள்பக்கம், நாக்கு ஓரம் பாருங்க, வெள்ளைத் தடிப்பு, செவப்புத் திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு எது இருந்தாலும் பல்லு கட்டுறதை ஒத்தி வச்சுட்டு உடனே காட்டுங்க.

மேல் செட்டு போட்ட உடனே பேச்சு கொஞ்ச நாளைக்கு வேற மாதிரி வரும், பயந்துடாதீங்க. த, ந சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லோட அடியைத் தேடும், வ சொல்ல பல்லும் உதடும் சேரணும், தொல்காப்பியத்துல பிறப்பியல்லயே இதைச் சொல்லியிருக்கு. பல்லு போனா சொல்லு போச்சுன்னு நாம சும்மா சொல்லல. அம்மா இவ்ளோ நாளா மேல்பல்லு இல்லாமலே நாக்கைப் பழக்கி வச்சிருப்பாங்க, இப்ப திரும்பப் பழக்கணும், தினம் பேப்பரை சத்தமா ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க, படிக்கத் தெரியாதுன்னா பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லச் சொல்லுங்க, ரெண்டு மூணு வாரத்துல வந்துடும்.

கடைசியா தாய்மாமன் விவகாரம். கீழ் முன்பல்லு முதல்ல வர்றதுதான் வழக்கம், ஆனா மேல்பல்லு முதல்ல வர்ற குழந்தைங்க நிறைய உண்டு, அது அந்தக் குழந்தையோட வரிசை, அவ்வளவுதான், உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சில குழந்தைங்க பொறக்கும்போதே ஒரு பல்லோட வரும், பெரும்பாலும் கீழ் முன்பல்லு, ரெண்டாயிரம் மூவாயிரம் குழந்தைக்கு ஒண்ணுன்னு சொல்லுவாங்க, என் கிளினிக்குக்கே அப்படி ரெண்டு மூணு வந்திருக்கு. ரொம்ப ஆடி, குழந்தை விழுங்கிடுமோன்னு இருந்தாலோ, பால் குடுக்கும்போது அம்மாவுக்கோ குழந்தை நாக்கு அடியிலயோ காயம் பண்ணுனாலோதான் எடுப்போம், இல்லன்னா அது பால்பல்லுதான் சீக்கிரம் வந்திருக்கு, விட்டுடுவோம். ரோம்ல அப்படிப் பொறந்தவர் கான்சல் ஆனார், அவரோட தாய்மாமனுக்கு எதுவும் ஆச்சுன்னு ப்ளினி எழுதல.

வீட்ல பெரியவங்க மனசு ஆறணும்னா கோயில்ல ஒரு தேங்காய் உடைச்சுட்டு வாங்க. சில்லை மட்டும் அம்மா கையில குடுத்துடாதீங்க, அந்த ஆறு பல்லை வச்சுக்கிட்டு கடிச்சுப் பாப்பாங்க. துருவிக் குடுங்க.